கேக்கக்காவின் சர்க்கரை நோட்டு

‘கிர்ர்ர்ர்... கிர்ர்ர்ர்ர்!’

சமையலறைப் பக்கமிருந்து வந்த அந்தச் சத்தத்தில் கேக்கக்காவின் கை ஒரு நொடி ஆடிவிட்டது. கிரீம் பையின் முனையிலிருந்து ரோஜாவாக இறங்கவேண்டியது முட்டைக்கோஸாக இறங்கி, யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது. அவள் அதைக் கத்தி முனையால் வழித்து எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். விரல் நுனியில் ஒட்டியதைக்கூட நாக்கில் வைக்கவில்லை. ஏழு வருடத் தொழிலில் இப்படிக் கிரீமைக் குப்பையில் போட்டது இந்த ஐந்து வாரமாகத்தான்.

‘கிர்ர்ர்ர்!’

துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்திருந்தவன் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டு அலமாரிக் கதவில் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தான். சர்க்கரை, ஐசிங் சுகர், சாக்லேட், ஜாம் எல்லாம் இருக்கிற அலமாரி. உத்தரவு போட்டது அவனுடைய அக்கா. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். கள்ள நோட்டையும் கள்ளப் பார்வையையும் கம்பிக்குப் பின்னாலிருந்தே பிடித்துவிடுவாள் என்று பெயர். தெருவில் அவளுக்கு ‘சி.ஐ.டி.’ என்றொரு பட்டம் இருப்பது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“இன்னும் கொஞ்சம் மேல போடுடா. ஸ்டூல் போட்டாலும் எட்டக்கூடாது.”

“அக்கா, அவ வயித்தோட ஸ்டூல்ல ஏறுவாளா?”

“ஏறாம எப்படிடா சுகர் இருநூத்தி எழுபது வரும்? காத்துலேருந்தா வருது?”

கேக்கக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. கண்ணீர் கிரீமில் விழுந்துவிடக்கூடாதே என்று முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். பதினைந்து வயதிலிருந்தே மாதவிலக்கு அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். உடம்பைக் குறை என்றார்கள். ஒரு டாக்டர், “குழந்தை ஆசையை விட்டுடுங்க” என்று ஜன்னலைப் பார்த்தபடியே சொல்லி அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அழுது முடித்தவள், எழுந்து போய் ஒரு கேக் செய்தாள். அதற்குமுன் ஒரு பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைதான் அவளுக்கு. பெட்டி மடித்துக்கொண்டே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மாஸ்டரின் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் அந்த முதல் கேக் உருவானது. ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆனாலும் மாடிப்படியில் விளையாடிய பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் காலி செய்துவிட்டு, “கேக்கக்கா, இன்னும் இருக்கா?” என்று வாசலில் வந்து நின்றார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டின் பின்னறை அன்றிலிருந்து கேக் அறையானது.

யாரும் எதிர்பார்க்காத ஒரு மாதத்தில், இனி ஆசைப்படவே கூடாது என்று அவள் மனதைக் கட்டிப்போட்ட பிறகு, அந்தக் குழந்தை வந்தது! அந்தச் செய்தி கேட்ட அன்று லிஃப்ட் மெக்கானிக் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் படியேறி இறங்கினானாம். லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சும்மா நிற்க முடியவில்லை என்றானாம்.

ஆறாவது மாதத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை தெரிந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை. “நிறையப் பேருக்கு வரும்மா, பயப்படாதே. சாப்பாட்டைப் பார்த்துக்கோ, நட, வீட்டிலேயே தினமும் நாலு தடவை விரல்ல குத்தி மெஷின்ல பார்த்து நோட்டுல எழுது” என்றார் டாக்டரம்மா. அவள் எழுதினாள். காலையில் எழுந்ததும் எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. மத்தியானம் இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க நல்ல பிள்ளையாக நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளைக் கெடுத்தது. நோட்டைப் புரட்டிய நாத்தனார் உடனே கண்டுபிடித்துவிட்டாள். “பார்த்தியாடா? ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருக்கேன். அன்னைக்கு மட்டும் சுகர் ஒழுங்கா இருக்கு. மத்த நாள் நான் வேலைக்குப் போயிடறேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

கேக்கக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாப்பாட்டைப் பாதியாக்கினாள், பிறகு அதிலும் பாதியாக்கினாள். வாசனை வழியாக உடம்புக்குள் சர்க்கரை ஏறுகிறதோ என்று நினைத்து, ஒரு வாரம் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். கேக் வாங்க வந்த ஒருவர், திருடன் புகுந்துவிட்டான் என்று கத்திக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டார்.

எண்கள் மட்டும் இறங்கவில்லை. டாக்டரம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி கொடுத்தார். அதற்கும் மசியவில்லை. போன வாரம் ஊசியின் அளவைக் கூட்டியவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “அடுத்த புதன்கிழமை நோட்டைக் கொண்டுவா. இதே மாதிரி இருந்தா வார்டுல சேர்ந்துட வேண்டியதுதான். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அங்கதான். சீக்கிரமாவே எடுக்கவேண்டியும் வரலாம்.”

நாளைக்குப் புதன்கிழமை.

வார்டு என்பதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ‘நாக்கை அடக்கத் தெரியாமல் வயிற்றுப் பிள்ளையைக் கெடுத்தவள்’ என்று இந்த வீடு நினைக்கிறதே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நேற்று அவனிடம் கேட்டேவிட்டாள்.

“என்னங்க, நீங்களாவது என்னை நம்புறீங்களா?”

அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடியில் அவளுக்கு உலகமே நின்றுபோனது. “நம்புறேம்மா... ஆனா மெஷின் பொய் சொல்லாதே” என்றான். ஐயோ, இயந்திரத்தோடு வாழ்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்!

பூட்டு மாட்டி முடிந்தது. நாத்தனார் அன்றைக்குத் தேவையான ஐசிங் சுகரை மட்டும் அளந்து வெளியே வைத்துவிட்டுப் பூட்டினாள். சாவியை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு வந்து, கேக் அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் இன்று வருகிறாள் என்பதால் அவளும் விடுப்பு.

“அண்ணி, அங்க காத்து வராது. உள்ள வந்து உட்காருங்க.”

“எனக்குக் காத்து முக்கியமில்ல. கண்ணுதான் முக்கியம்.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கேக்கக்கா மாவுபோலப் பொடித்த அந்த ஐசிங் சுகரைச் சலித்தாள். வெள்ளைப் புகை எழும்பி அடங்கியது. வெண்ணெயோடு அடித்தாள், நிறம் சேர்த்தாள், சுழலும் தட்டில் கேக்கை வைத்துப் பூசினாள். பன்னிரண்டரைக்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவள், நாளைய புதன்கிழமையை நினைத்து நாலு வாயோடு எழுந்துவிட்டாள்.

“ஏன், அவ்வளவுதானா?” என்றாள் நாத்தனார்.

“போதும் அண்ணி.”

“இப்படித் தட்டுல கொஞ்சமாத்தான் சாப்பிடறா. அப்புறம் எங்க போய் ரொப்பிக்கிறான்னுதான் தெரியலை” என்று நாத்தனார் சுவரிடம் சொன்னாள்.

இரண்டரை மணிக்கு நர்ஸ் வந்தாள். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடி, ஒரு தோளில் மருந்துப் பை, இன்னொரு கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். ஐம்பது வயதிருக்கும். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து வருகிறவள். பேச்சில் உப்பும் உண்டு, காரமும் உண்டு.

“என்ன கேக்கம்மா, முகம் ஏன் இப்படித் தொங்குது? லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லாத மாடியா? இது என்ன நியாயம்?”

“கட்டினவன்கிட்ட கேளுங்க சிஸ்டர்” என்றான் அவன்.

கேக்கக்கா சிரிக்க முயன்றாள். உதடு கோணியது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. சில நாட்களாகவே மத்தியானத்தில் இப்படித்தான் படபடப்பு வருகிறது. பயத்தினால் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். புருவம் ஏறியது. “சரி, இப்ப சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு இல்ல? வழக்கமா எப்படிப் பார்ப்பியோ அப்படியே என் முன்னால பாரு.”

அவள் எழுந்து மூலையிலிருந்த தொட்டியில் கையைக் கழுவினாள். துடைத்தாள். விரலைக் குத்தினாள். சிவப்புப் பொட்டு எட்டிப் பார்த்தது. மெஷின் ஐந்து நொடி யோசித்தது.

இருநூற்று அறுபத்தெட்டு.

“போச்சு!” என்றான் அவன்.

நர்ஸ் தன் பையிலிருந்த மெஷினை எடுத்து, பக்கத்து விரலில் தானே குத்திப் பார்த்தாள். இருநூற்று எண்பத்தொன்று.

கேக்கக்கா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். “நான் தொடலை சிஸ்டர்... என் பிள்ளை மேல சத்தியமா நான் ஒண்ணும் தொடலை...”

எல்லாரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவளிடமிருந்து என்ன வரப்போகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் சி.ஐ.டி.யின் முகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு குழப்பம்.

“இல்லையே...” என்றாள் அவள் மெதுவாக. “அவ தொடலையே!”

“என்னக்கா சொல்றே?”

“காலையிலேருந்து நான் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கலைடா. பாத்ரூமுக்குக்கூடப் போகலை! ஒரு துளி கிரீம் வாய்க்குப் போகலை. சாப்பாடும் நாலே வாய். நான் கண்ணை எடுக்கலையே! அப்புறம் எப்படி இருநூத்தி அறுபத்தெட்டு?”

ஐந்து வாரமாகக் குற்றம் சாட்டியவளே இப்போது சாட்சிக் கூண்டில் ஏறி நின்று சத்தியம் செய்தாள். கேக்கக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நர்ஸ் கேக்கக்காவின் நடுங்கும் கையை எடுத்துப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். “சுகர் இவ்வளவு ஏறினவளுக்கு உடம்பு இப்படிச் சில்லுன்னு வேர்த்து நடுங்காதே...” என்று முணுமுணுத்தவள், சட்டென்று கேட்டாள்: “கையைக் கழுவினியே, எதுல துடைச்சே?”

“ஏப்ரன்லதான் சிஸ்டர். சுத்தமான ஏப்ரன். இன்னைக்குக் காலையிலதான் மாத்தினேன்.”

வெள்ளை ஏப்ரன். கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. நர்ஸ் அதன் ஓரத்தை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்தாள். வைத்த வாக்கிலேயே நின்றாள்.

“இனிக்குதே!”

“ஐயோ...” என்றாள் கேக்கக்கா.

“நீ ஐசிங் சுகரைச் சலிக்கிறே. அது பறந்து வந்து ஏப்ரன்ல உட்காருது. நீ கழுவின கையைத் திரும்பச் சர்க்கரையிலேயே துடைக்கிறே. காலையில எழுந்ததும் ஏப்ரன் இல்லை, ஞாயித்துக்கிழமை கேக் வேலையே இல்லை, அதான் அப்பல்லாம் எண் ஒழுங்கா இருந்திருக்கு. மெஷின் உன் ரத்தத்தைப் பார்க்கலை, கேக்கைப் பார்த்திருக்கு! வா இங்க.”

நர்ஸ் அவளைத் தொட்டிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டு விரல் விரலாகத் தேய்த்தாள். தன் பையிலிருந்த புதுத் துணியால் துடைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து எறிந்தாள். இன்னொரு விரலில் குத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஐம்பத்து நான்கு.

“அப்பாடா, குறைஞ்சிடுச்சு!” என்று நாத்தனார் கைதட்டினாள்.

“கைதட்டாதீங்க! ரொம்பக் குறைஞ்சிருக்கு, ஆபத்து! பொய்க் கணக்குக்கு நிஜ ஊசி போட்டிருக்கோம். சர்க்கரை கொண்டாங்க, சீக்கிரம்! தண்ணியில கரைச்சு!”

சர்க்கரை! அது அலமாரியில். அலமாரி பூட்டில். பூட்டின் சாவி?

நாத்தனார் ஓடினாள். மேஜை இழுப்பறையைத் திறந்தாள், இல்லை. கைப்பையைக் கொட்டினாள், இல்லை. தலையணை உறையை உதறினாள், இல்லை. “எங்கேயோ பத்திரமா வெச்சேனே! ரொம்பப் பத்திரமா வெச்சேனே!” என்று நடுவீட்டில் நின்று தலையில் கைவைத்தாள். பேருந்து நிலையத்தையே கட்டி ஆள்பவளுக்கு, சொந்த வீட்டில் ஒளித்தது எங்கே என்று மறந்துபோயிற்று. திரும்பக் கேக் அறைக்கு ஓடிவந்தவள், பிறந்தநாள் கேக்கிலிருந்து ஒரு ரோஜாவை அப்படியே கையால் அள்ளி, “தின்னு கண்ணு, தின்னு! நான் சொல்றேன், தின்னு!” என்று கேக்கக்காவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“கிரீம் வேண்டாம், அதுல வெண்ணெய் இருக்கு, மெதுவாத்தான் ஏறும்!” என்று நர்ஸ் கத்தினாள்.

அதற்குள் சமையலறையில் ‘கிர்ர்ர்ர்!’ என்றது. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ முறை வெளியே எடுத்தவன் அவன். பூட்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீல் பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றிக் கதவையே கையோடு பெயர்த்து எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டான். பூட்டு அதன் பாட்டுக்குப் பூட்டியபடியே இருந்தது.

ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரை அவள் மடக்மடக்கென்று குடித்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு நாக்கில் படும் முதல் இனிப்பு. யாருக்கும் பயப்படாமல் குடித்தாள்.

பதினைந்து நிமிடம் கழித்துக் குத்திப் பார்த்தார்கள். எண்பத்தாறு. நடுக்கம் நின்று, முகத்தில் ரத்தம் திரும்பியது. நர்ஸ் ஒரு சின்னக் கருவியை எடுத்து அவள் வயிற்றில் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினாள். கரகரவென்று ஏதோ சத்தம். பிறகு அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து, விடாமல், வேகவேகமாக, டக்டக் டக்டக் என்று ஓர் ஓட்டம்.

நாத்தனார் குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

“மோட்டார் நல்லா ஓடுது” என்றான் லிஃப்ட் மெக்கானிக். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி ஓவென்று அழுதான். “மெஷின் பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டேனே... என்னை மன்னிச்சிடும்மா. உன் வாய்ச்சொல்லை விட்டுட்டு அந்தத் தீப்பெட்டி மெஷினை நம்பிட்டேனே!”

“விடுங்க. நானே அதைத்தானே நம்பினேன்” என்றாள் அவள். அதுதான் உண்மை. தன் நாக்கைவிட அந்தச் சின்னத் திரையைத்தான் அவளும் நம்பியிருந்தாள். தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்கிறோமோ என்றுகூட ஒரு நாள் சந்தேகப்பட்டிருந்தாள்.

நர்ஸ் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ படபடவென்ற பேச்சு. நர்ஸ் “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்று தலையாட்டிக்கொண்டே கேட்டாள். மூன்று ஜோடிக் கண்கள் அவள் வாயையே பார்த்தன.

“ஊசியை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிட்டாங்க. நாளைக்கு வரணும், நல்லாப் பரிசோதிக்கணும். அப்புறம் ஒரு வாரம் ஒழுங்கான கையோட புது நோட்டு. வார்டு வேண்டாமாம்.”

“வேண்டாமாமா?” என்று நாத்தனார்தான் முதலில் கூவினாள். கூவியவள் கேக்கக்காவைக் கட்டிக்கொண்டாள். இன்னும் அவள் கையிலேயே ஒட்டியிருந்த ரோஜா கிரீம் முழுவதும் கேக்கக்காவின் முதுகில் அப்பிக்கொண்டது. “நான் பாவிடி... ஒரு வாயில்லாப் பூச்சியைப் போட்டு அந்தப் பாடு படுத்திட்டேன்.”

“வாயில்லாப் பூச்சியா? நேத்து நீங்க தூங்கினப்புறம் உங்களை எவ்வளவு திட்டினேன் தெரியுமா அண்ணி?”

“திட்டினியா? என்னன்னு?”

“அதைச் சொன்னா எனக்குப் பிரஷரும் வந்துடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் விரலை ஆட்டினாள். “சிரிச்சது போதும், கேளு. உனக்குச் சர்க்கரை இல்லாமல் இல்லை. குளுக்கோஸ் தண்ணி குடிச்சு எடுத்தது நரம்பு ரத்தம், விரல் ரத்தம் இல்லை, அது நிஜம். சாப்பாட்டுல கவனம், சாப்பிட்டதும் நடை, ரெண்டும் தொடரணும். ஆனா பட்டினி கிடக்கக் கூடாது. முட்டை, காய், பயறு எல்லாம் வயிறாரச் சாப்பிடு. பிள்ளை பிறந்ததும் இது தானாப் போயிடும், பெரும்பாலும். போயிடுச்சேன்னு விட்டுடாதே. ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் பார்க்கணும். இந்த மாதிரி வந்தவங்களுக்குப் பின்னாடி நிரந்தரமா வர வாய்ப்பு ஜாஸ்தி. உங்கம்மாவுக்கு இருந்ததா?”

“தெரியாது சிஸ்டர். அந்தக் காலத்துல யார் பார்த்தா? நான் பிறந்தப்ப நாலரைக் கிலோவாம். ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்துச்சாம்.”

“அப்ப உங்கம்மாவுக்கும் இருந்திருக்கலாம். பாவம், பார்க்க ஆளில்லை.” நர்ஸ் மெதுவாகக் குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு. கீழே அரிப்பு, ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல்னு ஏதாவது இருந்தா வெட்கப்படாம சொல்லணும். சர்க்கரை இருக்கிற பெண்களுக்கு அது சகஜம். பாதிப் பேர் வாயே திறக்க மாட்டீங்க.”

கேக்கக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “ரெண்டு வாரமா இருக்கு சிஸ்டர்” என்றாள் காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். நர்ஸ் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, நாளை டாக்டரிடம் காட்ட ஒரு சீட்டில் அதையும் எழுதினாள். அதே பேனாவால் நாத்தனாரைச் சுட்டினாள். “உங்களுக்குக் கடைசியா எப்பப் பார்த்தது?”

“எனக்கெதுக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்.”

“கல்லையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. நாளைக்கே, அவளோட.”

சி.ஐ.டி. முதன்முறையாக எதிர்த்துப் பேசவில்லை. தட்டில் சோறும் முட்டையும் காயும் போட்டுக்கொண்டுவந்து தம்பி மனைவியின் மடியில் வைத்தாள். “இந்த நர்ஸம்மா கீழே இறங்கறதுக்குள்ள பாதியாவது முடியணும்” என்று தன் பழைய அதட்டலில் சொன்னாள். கேக்கக்கா சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயும் உள்ளே போகப் போக, வயிற்றுக்குள் இருப்பது ஒரு உதை விட்டது. அவள் தட்டோடு துள்ளினாள்.

நர்ஸ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். கேக்கக்கா கையில் தட்டோடு, வேண்டாம் வேண்டாமென்று சொன்னாலும் கேளாமல், வாசல்வரை நடந்து போனாள்.

“சிஸ்டர், நாளைக்கு நிஜமா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?”

“சாயங்காலம் நீ உன் வீட்டுலதான் இருப்பே. முதல்ல உள்ள போய்ச் சாப்பிடு.”

நர்ஸ் இறங்கினாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து, கீழே ஸ்கூட்டர் இருமிக்கொண்டு கிளம்பும்வரை கேக்கக்கா நின்று கேட்டாள். பிறகு, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்ததால், இடுப்பால் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.